எக்ஸ்வோட்டோ படங்களுக்கு 'நேர்த்திப்படம்': என் பரிந்துரை

எல்லோருக்கும் வணக்கம்.

நேர்ந்துகொண்டது நிறைவேறியபின் நன்றியாகத் திருத்தலத்தில் வைக்கும் படம்தான் எக்ஸ்வோட்டோ. நம் கட்டுரைக்கான சொற்பட்டியலில் இதற்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்பதே கேள்வி. அக்கா முன்வைத்த 'வேண்டுதல் ஓவியம்', ஐயா சொன்ன 'காணிக்கை ஓவியம்' இரண்டையும் யோசித்துப் பார்த்தேன். இரண்டிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை.

மெக்சிகோவில் 19ஆம் நூற்றாண்டில் பரவிய தகரப் படங்களைப் பாருங்கள். குதிரையிலிருந்து விழுந்து கிடக்கிறான் ஒருவன். பக்கத்தில் மனைவி முழந்தாளிட்டுக் கும்பிடுகிறாள். மேல் மூலையில் முகிலுக்குள் மாதா. அடியில் விட்ட வெற்றிடத்தில் பெயர், ஊர், திகதி, என்ன நடந்தது, எப்படிப் பிழைத்தான் என்று கையால் எழுதியிருக்கும், பல வேளை எழுத்துப்பிழைகளோடு. வரைந்தவர் பெயர் அநேகமாக இராது. மெக்சிகோ ஓவியர் ஃபிரிடா காலோ இவற்றைத் தேடிச் சேர்த்தவர். இத்தாலியில் இதே வகைப் படங்கள் மரப்பலகைகளில் 15ஆம் நூற்றாண்டிலேயே உண்டு.

ஆக, படம் வரையும்போது புதுமை, அதாவது அற்புதம், நடந்து முடிந்துவிட்டது. கேட்டது கிடைத்த பிறகு, சொன்ன சொல்லைக் காப்பாற்றத்தான் படம். 'வேண்டுதல்' என்றால் இன்னும் கேட்டுக்கொண்டு நிற்பதாகத்தான் வாசிப்பவர் எடுப்பார். 'காணிக்கை' மிக அகலம். உண்டியலில் போடும் காசும் காணிக்கைதான்.

யாழ்ப்பாணத்தில் இதற்கு வீட்டுப் பேச்சிலேயே சொல் இருக்கிறதே! பிள்ளைக்கு வருத்தம் வந்தால் மடு மாதாவுக்கு நேர்த்தி வைக்கிறோம். சுகம் வந்தபின் போய் நேர்த்திக்கடன் தீர்க்கிறோம். அம்மனுக்குக் கண்மலர் சாத்துகிறவரும் நல்லூரில் காவடி எடுக்கிறவரும் சொல்வது இதையேதான். 'எக்ஸ் வோட்டோ' என்ற லத்தீன் தொடரும் 'நேர்ந்துகொண்டதன்படி' என்ற பொருளையே தருகிறது. இவ்வளவு பொருந்தும் சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு புதிதாக ஒன்றை ஏன் ஆக்கவேண்டும்?

தமிழ்நாட்டு நண்பர்கள் 'நேர்த்தி' என்றதும் அழகு, செப்பம் என்று நினைப்பார்கள் என்பது நியாயமான தடை. கட்டுரையில் முதல் தடவை 'நேர்த்திக்கடன் படம்' என்று முழுதாக எழுதி, அப்புறம் 'நேர்த்திப்படம்' என்று சுருக்கினால் குழப்பம் வராது. அங்கும் நேர்த்திக்கடன் தெரியாதவர் இல்லை.

'ஓவியம்' வேண்டாம் என்பதிலும் உறுதியாக இருக்கிறேன். இத்தாலிய ஓவியர் ஜொத்தோ 1305ஆம் ஆண்டளவில் பாதுவா நகரச் சிற்றாலயச் சுவரில் தீட்டிய லாசரு உயிர்த்தெழும் காட்சி ஓவியம். அது வேதாகமத்துப் புதுமை. தகரத்தில் இருப்பது ஓர் ஏழைக் குடும்பத்துக்கு நடந்த புதுமை. நம் வீட்டுச் சுவரில் தொங்குவதைத் திருஇருதயப் படம் என்கிறோமே தவிர ஓவியம் என்பதில்லை. இப்போது பல திருத்தலங்களில் வரைந்த படத்துக்குப் பதில் புகைப்படத்தையே வைக்கிறார்கள். 'படம்' என்றால் அதுவும் அடங்கும்.

அடியில் உள்ள எழுத்துக்கு 'நேர்த்தி வாசகம்' என்று வைக்கலாம். மறுப்பு இல்லாவிட்டால் இரண்டையும் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.