புதுப்பிப்பு: வெளுத்துப்போன கடல் சாமந்தி தேறி வருகிறது

சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு மீன்தொட்டியில் வளரும் குமிழ்நுனிக் கடல் சாமந்தி (பூப்போல் விரியும் ஒரு கடல் விலங்கு) வெள்ளைவெளேரென்று ஆகி, வாயைப் பிளந்து கிடக்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன். பிழைத்துக்கொண்டது! விசாரித்த எல்லாருக்கும் நன்றி.

வெளுத்துவிட்டதாலேயே தூக்கி எறிந்துவிடாதே என்று ஈப்போ அண்ணன் ஒருவர் சொன்னது சரிதான். இதன் திசுவுக்குள் வாழும் சூசாந்தெல்லே என்ற நுண்பாசிகளே பழுப்பு நிறத்தையும் உணவில் பெரும்பங்கையும் தருகின்றன. வெப்பம் மிஞ்சினால் சாமந்தி அவற்றை இழந்துவிடுகிறது. தகரக்கூரை வீட்டில் பிற்பகலில் தொட்டி நீர் 31 பாகை செல்சியஸைத் தாண்டியது. வேறு காரணம் தேட வேண்டியதில்லை. குளிரூட்டி பொருத்தி 26 பாகையில் நிறுத்தினேன். விளக்கொளியைக் குறைத்து, மெல்ல மெல்ல ஏற்றினேன். பாசி இல்லாமல் பட்டினி கிடக்குமே என்று பச்சை இறாலைப் பொடியாக நறுக்கி, இடுக்கியால் ஊட்டினேன். பெரிய துண்டு வேண்டாம். கக்கிவிடும், நீரும் கெடும்.

முதலில் வாய் சுருங்கி மூடியது. அப்போதுதான் எனக்கு உயிரே வந்தது. பிறகு உணர்கொம்புகளின் அடியில் தேநீர்க் கறைபோல் லேசான பழுப்பு தெரிந்தது. இப்போது நுனிவரை ஏறுகிறது. முழு நிறம் திரும்ப இன்னும் மாதங்கள் ஆகும்.

கடையில் பளிச்சென்ற மஞ்சளிலோ நீலத்திலோ இருப்பதைக் கண்டு மயங்காதீர்கள். வெளுத்த சாமந்திக்குச் சாயமேற்றி விற்பதும் உண்டு.

சாமந்திக்குள் வாழும் கோமாளி மீனைத் தொட்டியில் விட்டாயா என்று கேட்ட தங்கைக்கு: இப்போதைக்கு விடவில்லை. ஓயாமல் உரசி, தேறிவரும் சாமந்தியை அது விரியவிடாது.