கீழ் முதுகெலும்பு முறிவுக்குப் பிறகு கால்களும் நடையும்: எங்கள் அனுபவங்கள்

கீழ் முதுகெலும்பு முறிந்து எழுந்தவர்களைப் பார்த்து, “எலும்புதான் கூடிவிட்டதே, இன்னும் ஏன் காலை இழுத்து நடக்கிறீர்கள்?” என்று கேட்காதவர்கள் குறைவு. அந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் மனம் நொந்துபோகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். உயரத்திலிருந்து விழுந்ததில் எனக்கு நான்காவது இடுப்பு முள்ளெலும்பு நொறுங்கி, அதன் துண்டு ஒன்று பின்பக்கமாக நகர்ந்து நரம்பு வேரை அழுத்தியது. தண்டுவடம் முதுகின் அடிவரை செல்வதில்லை. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் முதலாவது அல்லது இரண்டாவது இடுப்பு முள்ளெலும்பின் மட்டத்திலேயே அது முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே கால்களுக்கும் சிறுநீர்ப்பைக்கும் செல்லும் நரம்பு வேர்கள் கற்றையாகத் தொங்குகின்றன. எலும்பு கூடுவதற்கு ஏறக்குறைய 3 மாதங்கள் போதும். ஆனால் இழை அறுபட்ட நரம்பு மீண்டும் வளர்ந்தாலும் ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளர்கிறது. இடுப்பிலிருந்து பாதம் எவ்வளவு தொலைவு என்று எண்ணிப் பார்த்தால், எக்ஸ்ரேயில் தெரியும் நலம் ஏன் நடையில் தெரிவதில்லை என்பது விளங்கும்.

என் வலது பாதத்தின் முன்பகுதி மேலே எழாமல் தொங்கிவிட்டது. ‘ஃபுட் டிராப்’ என்கிறார்கள். தரைவிரிப்பின் ஓரம்கூடக் காலைத் தட்டும். செருப்பு கழன்று பின்னால் கிடக்க, அது தெரியாமலே நான் நடந்து போயிருக்கிறேன். பிசியோதெரபிஸ்ட் என் கட்டைவிரல் நகத்தின்மேல் தம் விரலை வைத்து, “இதை மேலே தள்ளுங்கள்” என்றபோது, முகமெல்லாம் வியர்த்ததே தவிர, விரல் அசையவில்லை. கட்டைவிரலைத் தூக்குவது ஐந்தாவது இடுப்பு நரம்பு, குதிகாலை உயர்த்தி நிற்க உதவுவது முதலாவது திரிக (முதுகெலும்பின் அடியிலுள்ள எலும்புப் பகுதி) நரம்பு, முழங்காலை நீட்டுவது அவற்றுக்கு மேலுள்ள நரம்புகள் என்று அவர் ஒவ்வொன்றாகச் சோதித்துக் காட்டினார். எந்தத் தசை பலவீனம் என்று தெரிந்த பிறகுதான் பயிற்சிக்கு ஒரு பொருள் கிடைத்தது. அதுவரை வெறுமனே “நிறைய நடங்கள்” என்ற அறிவுரைதான் எல்லோரிடமிருந்தும் வந்துகொண்டிருந்தது.

கணுக்காலைத் தாங்கும் பிளாஸ்டிக் ஏ.எஃப்.ஓ. பட்டையை அணிந்தபின் தடுக்கி விழும் பயம் பெருமளவு குறைந்தது. ஆனால் உணர்வற்ற காலில் அதை அணியும்போது தனிக் கவனம் வேண்டும். மடிப்பில்லாத காலுறை அணிந்து, கழற்றியவுடன் தோலைப் பார்க்க வேண்டும். சிவப்பு சிறிது நேரத்தில் மறையவில்லையென்றால் பட்டையைச் சரிசெய்யக் கொடுத்துவிட வேண்டும். வெந்நீரின் சூட்டையும் கையால்தான் பார்க்கிறேன். கைத்தடியைப் பலவீனமான காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்கிறேன். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பலவீனமான கால் முதலில். இப்போது கட்டைவிரல் லேசாக அசைகிறது. ஓட முடியாது என்றாலும், என் வேலைகளுக்கு நானே நடந்து போகிறேன்.

*

மேலே எழுதியவரின் நிலை வேறு, என் அம்மாவின் நிலை வேறு. எலும்பு மெலிவினால் அம்மாவுக்கு முதலாவது இடுப்பு முள்ளெலும்பு அமுங்கியது. நரம்பு பாதிக்கப்படவில்லை என்று ஸ்கேனில் தெளிவாகத் தெரிந்தும், நடை முழுவதும் மாறிவிட்டது. படுக்கையிலேயே இருந்ததில் தொடைத் தசைகள் இளைத்து, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடியவில்லை. மீண்டும் விழுந்துவிடுவோமோ என்ற அச்சத்தில் அடியடியாகக் குனிந்தே நடந்தார்கள். வாக்கரின் உயரம் குறைவாக இருந்ததும் அந்தக் குனிவுக்கு ஒரு காரணம். கைகளைத் தளரத் தொங்கவிட்டு நிற்கும்போது மணிக்கட்டின் மடிப்பு எங்கே வருகிறதோ, கைப்பிடி அங்கே இருக்க வேண்டும். அதைச் சரிசெய்த அன்றே அம்மாவின் பார்வை தரையிலிருந்து நிமிர்ந்தது. எலும்பு அடர்த்திச் சோதனை செய்து, அதற்கான மருந்தையும் தொடங்கினோம். அடுத்த முறிவைத் தடுக்காமல் நடைப்பயிற்சி மட்டும் செய்வதில் என்ன பயன்?

*

இருவரும் குறிப்பிடாத ஒன்றைச் சேர்க்கிறேன். தொடைகளின் உட்புறமும் பிறப்புறுப்பைச் சுற்றியும் மரத்துப்போவது, சிறுநீர் கழிக்க முடியாமல் தேங்குவது அல்லது தெரியாமல் கசிவது, மலத்தை அடக்க முடியாமல் போவது, இரு கால்களும் திடீரெனத் தளர்வது ஆகியவை நரம்புக் கற்றை நசுங்குவதன் அடையாளங்களாக இருக்கலாம். எனக்குச் சிறுநீர் தேங்கிய இரவில், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னதை என் மனைவி ஏற்கவில்லை. அப்போதே அவசர சிகிச்சைக்கு அழைத்துச் சென்றார். உடனே அறுவை சிகிச்சை நடந்தது. கால்களில் மரமரப்பு இன்னும் இருக்கிறது, ஆனால் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பிவிட்டது. இந்த அறிகுறிகளில் ஒன்று தெரிந்தாலும், நேரம் பார்க்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.