வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு வெளிச் சாப்பாடு: உதவுங்களேன்

வணக்கம். அக்கா மகனுக்கு ஆறு வயது. கடலைமிட்டாய் ஒரு கடி கடித்தாலே உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுக்கிறது. வேர்க்கடலை ஒவ்வாமை என்று மருத்துவர் உறுதி செய்துவிட்டார். வீட்டில் சமாளித்துவிடுகிறோம், வெளியில்தான் பயம். சில கடைகளில் தேங்காய்ச் சட்னியிலும் வேர்க்கடலை அரைத்துச் சேர்க்கிறார்கள். அப்புறம் கடலை எண்ணெய். ஒவ்வாமையைத் தூண்டுவது கடலையிலுள்ள புரதம். நன்றாகச் சுத்திகரித்த எண்ணெயில் அது அநேகமாக இருக்காது, மரச்செக்கு எண்ணெயில் தங்கியிருக்கும். விசேஷ வீட்டுப் பலகாரத்தை எதை நம்பிக் கொடுப்பது? ‘கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் பழகிவிடும்’ என்று உறவினர்கள் சொல்வதுதான் பதற வைக்கிறது. மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் அப்படிச் செய்தால் உயிருக்கே ஆபத்து. இதே நிலையில் பிள்ளை வளர்ப்பவர்கள் சொல்லுங்கள்: பள்ளியில் என்ன எழுதிக் கொடுத்தீர்கள்? அவசரத்துக்கு அட்ரினலின் ஊசி வைத்திருக்கிறீர்களா? அதை யார் போடுவார்கள்?