புதுப்பிப்பு: தீபாவளி வெடி நேரமும் வெடிக்குப்பையும்

தீபாவளிக்கு எந்த நேரத்தில் வெடிக்கலாம், மறுநாள் குவியும் காகிதக் குப்பையைத் தெருமுனையில் கொளுத்தலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி. நகராட்சியிலும் விசாரித்துவிட்டேன்.

நேரம் பற்றிக் குழப்பமே இல்லை. 2018-இல் உச்ச நீதிமன்றம் இரண்டு மணி நேரம்தான் என்றது. தமிழ்நாட்டில் அதைக் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று பிரித்துக்கொண்டார்கள். விடியற்காலை நாலு மணிக்கே எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வெடிக்கும் நம் வழக்கத்துக்கு இது ஒத்துவராது என்பது வேறு விஷயம்! அதே தீர்ப்பில் சரவெடிக்கும் தடை. கடையில் கிடைப்பதாலேயே அனுமதி உண்டு என்று நினைக்க வேண்டாம்.

"கல்யாணம், பிறந்தநாள் என்றால்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். இரவு 10 முதல் காலை 6 வரை சத்த வெடி எந்த நாளிலும் கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் பகலிலும் கூடாது.

அப்புறம் குப்பை. பொது இடத்தில் எரிக்கவே முடியாது. பசுமைத் தீர்ப்பாயம் 2016-லேயே இதற்கு 5,000 ரூபாய் அபராதம் என்று சொல்லியிருக்கிறது. மொத்தமாகக் குவித்து எரித்தால் 25,000. போகிக்குப் பழைய டயர், பிளாஸ்டிக் கொளுத்துபவர்களுக்கும் இதே கதைதான். வெடிக்காமல் கிடப்பவற்றைத் தண்ணீரில் நன்றாக ஊறவைத்து, தனிச் சாக்கில் கட்டித் துப்புரவுப் பணியாளரிடம் விஷயத்தைச் சொல்லி ஒப்படைக்கும்படி நகராட்சியில் சொன்னார்கள். எங்கள் தெருவில் அப்படித்தான் செய்யப் போகிறோம். சாக்கு என் வீட்டில் இருக்கிறது, வேண்டியவர்கள் வாங்கிக்கொள்ளலாம்.