டெஸ்ட் ஃபிக்ஸ்சரில் போகோ பின் விலகுகிறது, உதவி தேவை

வணக்கம். 20 × 15 மி.மீ. அளவுள்ள ஒரு சின்ன எஸ்எம்டி போர்டுக்கு (பாகங்களை மேற்பரப்பிலேயே சால்டர் செய்த சர்க்யூட் போர்டு) டெஸ்ட் ஃபிக்ஸ்சர், அதாவது போர்டை வைத்து அழுத்திச் சோதிக்கும் அமைப்பு, செய்துகொண்டிருக்கிறேன். டெஸ்ட் பேடுகள் (சோதிக்கும்போது பின் தொடும் உலோகப் புள்ளிகள்) 14, ஒவ்வொன்றும் 1 மி.மீ. விட்டம். 0.68 மி.மீ. தடிமனுள்ள பி50 வகை போகோ பின்கள் (ஸ்பிரிங் வைத்த தொடு ஊசிகள்).

பத்து போர்டில் இரண்டு மூன்றில் ஏதாவது ஒரு பின் பேடை விட்டு விலகிவிடுகிறது. இப்போது விளிம்பை வைத்துத்தான் போர்டை நிறுத்துகிறேன். பல போர்டுகள் ஒன்றாக இருக்கும் பேனலிலிருந்து உடைத்தெடுப்பதால் விளிம்பு ஒவ்வொன்றிலும் கொஞ்சம் மாறுகிறது, அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அடுத்த போர்டில் ஃபிக்ஸ்சரில் உள்ள கம்பிகளில் மாட்டி நிறுத்த இரண்டு கைடு துளைகள் வைக்கலாமா? ஒன்று வட்டம், இன்னொன்று நீள்துளை என்றால் சரியாக உட்காருமா?

அப்புறம், அழுத்தும்போது போர்டு வளைகிறது. செராமிக் கெபாசிட்டரில் விரிசல் விட்டால் வெளியே தெரியாதே என்பதுதான் பெரிய கவலை. அழுத்தும் முனைகளைப் பின்களுக்கு நேர் எதிரே வைத்தால் போதுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், படம் இருந்தால் இன்னும் நல்லது.