அகராதி இல்லாமல் சர்ச்சில் வாழ்க்கை வரலாறு படித்தால் ஆங்கிலச் சொல்வளம் வருமா?

ஆனைமலையான்:
பக்கத்து இழையில் ஒரு நண்பர் தீர்ப்பே எழுதிவிட்டார்: "அமெரிக்க மேற்படிப்புக்கான ஜிஆர்இ தேர்வு எழுதுகிறவனுக்குச் சொற்பட்டியலை உருப்போடுவது ஒன்றுதான் வழி, ஆயிரம் பக்க அரசியல் வாழ்க்கை வரலாறு படிக்கிறேன் என்பதெல்லாம் பந்தா." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

2001-ல் வெளிவந்த ராய் ஜென்கின்ஸின் சர்ச்சில் வாழ்க்கை வரலாற்றைத்தான் நான் படித்தேன். ஜென்கின்ஸ் பிரிட்டனில் உள்துறையையும் நிதித்துறையையும் பார்த்தவர், ஆக்ஸ்ஃபோர்டு வேந்தராக இருந்தவர். நாடாளுமன்றத்துக்குள்ளேயே புழங்கியவர் எழுதும் ஆங்கிலம் அது. அகராதியைத் தொடவே இல்லை. இரேசிபிள் (முன்கோபமுள்ள), ரெகால்சிட்ரன்ட் (அடங்க மறுக்கிற), மேக்னானிமிட்டி (பெருந்தன்மை) எல்லாம் தானாக ஒட்டிக்கொண்டன. 1915-ல் துருக்கியின் டார்டனெல்ஸ் நீரிணைத் தாக்குதல் பற்றிய சண்டையில் ராஜினாமாவை வீசிவிட்டுப் போன 74 வயது கடற்படைத் தளபதி அட்மிரல் ஃபிஷரை நினைத்தாலே போதும், இரேசிபிள் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டாம். பட்டியலில் இருக்கும் சொல்லுக்கு முகம் கிடையாது. இங்கே ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு ஆள் இருக்கிறான்.

சர்ச்சிலே இப்படித்தான் கற்றார். 1896-ல் பெங்களூரில் இளம் ராணுவ அதிகாரி. மதிய வெயிலில் நாலைந்து மணி நேரம் வரலாற்றாசிரியர்கள் கிப்பனையும் மெக்காலேயையும் படித்துத் தள்ளினார். பக்கத்தில் வாத்தியாரும் இல்லை, பட்டியலும் இல்லை. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

கும்பகோணம் டீச்சர்:
தம்பி, பெங்களூர்க் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். மீதியை நான் சொல்கிறேன். இளமைக்காலம் பற்றி அவர் 1930-ல் எழுதிய சுயசரிதையில் பெங்களூர்க் கல்விக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. அதன் தொடக்கத்திலேயே ஒத்துக்கொள்கிறார்: நிறையச் சொற்கள் சேர்ந்துவிட்டன, ஆனால் பலவற்றுக்குத் துல்லியமாகப் பொருள் சொல்லத் தெரியவில்லை, சிரிப்புக்கிடமாகிவிடுமோ என்று பயன்படுத்தவே பயமாக இருந்தது. படித்தே சேர்த்த சொல்வளத்தின் நிலைமை அது. எத்திக்ஸ் (அறவியல்) என்றால் என்னவென்று சொல்ல பெங்களூரில் ஓர் ஆள் கிடைக்கவில்லை, ஒரு மணி நேரம் சொல்லித்தர ஓர் அறிஞர் கிடைத்திருந்தால் இரண்டு பவுன் கொடுத்திருப்பேன் என்றும் எழுதியிருக்கிறார். வாத்தியாருக்காக ஏங்கிய மனிதரை வாத்தியார் வேண்டாம் என்பதற்குச் சான்றாகக் கொண்டுவருகிறீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. அவருக்கு ஆங்கிலம் தாய்மொழி. பொள்ளாச்சிப் பக்கத்துப் பையனுக்கு அப்படியா?

ஆனைமலையான்:
டீச்சர், ஏங்கினார் சரி, கிடைத்ததா? கிடைக்கவில்லை. ஆனாலும் கற்றார். 1953-ல் இலக்கியத்துக்கு நோபல் வாங்கினார். நான் சொன்னது அவ்வளவுதான்: பெங்களூரில் வாத்தியார் இல்லை.

தாய்மொழி என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. ஹாரோ பள்ளியில் கடைசி வகுப்பில் கிடந்தவர் அவர். தாய்மொழிக்காரன் எல்லாம் கிப்பன் மாதிரி எழுதிவிடுவானா?

கும்பகோணம் டீச்சர்:
ஹாரோவை நீங்களே இழுத்துவிட்டது நல்லதாகப் போயிற்று. அந்தக் கடைசி வகுப்பில் சோமர்வெல் என்று ஓர் ஆங்கில ஆசிரியர் இருந்தார். நீளமான வாக்கியத்தை எடுத்து எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்று துண்டு துண்டாகப் பிரித்து கறுப்பு, சிவப்பு, நீலம், பச்சை என்று நிறம் மாற்றி மையில் அடையாளம் போடுவார். கிட்டத்தட்ட தினமும் இதே பயிற்சி. மற்றவர்களைவிட மூன்று மடங்கு காலம் அந்த வகுப்பில் இருந்ததால் மூன்று மடங்கு கற்றுக்கொண்டேன், ஆங்கில வாக்கியத்தின் கட்டுமானம் எலும்பில் ஏறிவிட்டது என்று சர்ச்சிலே நன்றியோடு சொல்கிறார். அந்த அஸ்திவாரத்தோடு பெங்களூருக்கு வந்ததால்தான் கிப்பன் உள்ளே இறங்கினார். பெங்களூரை மட்டும் காட்டி சோமர்வெல்லை மறைத்தால் அது நேர்மையான வாதம் இல்லை.

வகுப்பறையில் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். அகராதி பார்க்காமல் ஊகித்துப் படிக்கும் பிள்ளைகள் "ஏதோ கெட்ட குணம்", "ஏதோ நல்ல குணம்" என்ற அளவில் நின்றுவிடுவார்கள். அப்ஸ்டினேட் (பிடிவாதமான), ரெகால்சிட்ரன்ட், இன்ட்ரான்சிஜென்ட் (விட்டுக்கொடுக்காத) மூன்றும் அவர்களுக்கு ஒன்றுதான். பரீட்சையில் மூன்றும் எதிரெதிரே வந்து நிற்கும்போதுதான் கை நடுங்கும்.

சிங்கைச் செல்வன்:
இரண்டு பேர் சொல்வதையும் படித்தேன். அனுபவத்தில் நான் ஆனைமலையார் பக்கம். கேபிடுலேஷன் (சரணடைதல்) என்ற சொல்லை நான் எந்தப் பட்டியலிலும் படிக்கவில்லை. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்ததை பிரிட்டிஷ் வரலாற்றின் மிகப் பெரிய கேபிடுலேஷன் என்று சர்ச்சில் எழுதியதைப் படித்தேன். எங்கள் ஊர் சம்பந்தப்பட்டது, அதனால் சாகும்வரை மறக்காது. உண்மையைச் சொன்னால் இங்கே பள்ளிப் பாடமே ஆங்கிலத்தில்தான். இந்த அகராதிச் சண்டையே எங்களுக்குப் புதிதாக இருக்கிறது.

கும்பகோணம் டீச்சர்:
செல்வன், உங்களுக்குப் புதிதாகத்தான் இருக்கும். முதல் வகுப்பிலிருந்து ஆங்கிலத்தில் படித்தவர் தமிழ்வழியில் படித்த பிள்ளைக்கு "அகராதி எதற்கு" என்று சொல்வது எளிது. கணக்கைப் பாருங்கள். சொல்லறிவு ஆய்வில் பெயர் பெற்ற பால் நேஷன் 2006-ல் எழுதியது இது: எழுத்து நடையை உதவியில்லாமல் படித்துப் புரிந்துகொள்ள 98 சதவீதச் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும், அதற்கு 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் (ஒரு வேர்ச்சொல்லும் அதன் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) தேவை. அத்தனை தெரிந்தவனுக்கே ஐம்பது சொல்லுக்கு ஒன்று தெரியாது. 400 சொல் கொண்ட பக்கத்தில் எட்டு. ஆயிரம் பக்கத்துக்கு நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். அதிலும் பாதி ஒரு தடவை எட்டிப்பார்த்துவிட்டுப் போகும் சொற்கள். ஃபிஷர் வந்த பக்கத்தில் இரேசிபிள் ஒட்டும், சரி. ஆள் முகம் இல்லாத மற்ற சொற்கள் என்ன ஆயின?

சிங்கைச் செல்வன்:
தமிழ்வழி, ஆங்கிலவழி என்று நான் பேசவே இல்லையே. நீங்களாகக் கிளப்புகிறீர்கள்.

கும்பகோணம் டீச்சர்:
"எங்களுக்குப் புதிதாக இருக்கிறது" என்ற வரி உங்களுடையதுதான். மேலே இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

கறுப்புக்காப்பி:
தோழர்களே, ஒருத்தருக்கும் உறுத்தவில்லையா? 1943 வங்கப் பஞ்சத்தில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் செத்தார்கள். உணவுக் கப்பல் கேட்டுக் கேட்டு அலுத்தது டெல்லி. லண்டனில் இந்தியாவுக்கான அமைச்சராக இருந்த ஏமரியே இந்த விஷயத்தில் சர்ச்சிலின் போக்கைப் பற்றித் தன் நாட்குறிப்பில் வெறுத்துப்போய் எழுதியிருக்கிறார். 1931-ல் காந்தியை "செடிஷியஸ் (ராஜதுரோகம் தூண்டும்) மிடில் டெம்பிள் வக்கீல்" என்றும், அரை நிர்வாணமாக வைஸ்ராய் மாளிகைப் படியேறுகிறார், பார்க்கவே நாஸியேட்டிங் (குமட்டுகிறது) என்றும் பேசிய ஆள். இந்த ஆள் வாயிலிருந்து செடிஷியஸ், நாஸியேட்டிங் கற்றுக்கொண்டு நம் பிள்ளைகள் பரீட்சை எழுத வேண்டுமா? எஸ். கோபால் எழுதிய நேரு வாழ்க்கை வரலாறு 1975 முதல் 1984 வரை மூன்று தொகுதியாக வந்தது. சென்னையில் பிறந்த வரலாற்றாசிரியர், ராதாகிருஷ்ணனின் மகன். அவர் ஆங்கிலம் யாருக்கும் இளைத்ததில்லை.

ஆவணப்பித்தன்:
ஒரு திருத்தம். மிடில் டெம்பிள், இன்னர் டெம்பிள் இரண்டும் லண்டனில் உள்ள தனித்தனி பாரிஸ்டர் சங்கங்கள். காந்தி இன்னர் டெம்பிளைச் சேர்ந்தவர். 1891-ல் அங்கேதான் பாரிஸ்டர் ஆனார். 1922-ல் அவர் பெயரை நீக்கியதும் இன்னர் டெம்பிள், 1988-ல் திரும்பச் சேர்த்ததும் இன்னர் டெம்பிள். மிடில் டெம்பிள் தவறு.

கறுப்புக்காப்பி:
அது சர்ச்சில் செய்த தவறு. நான் அவர் சொன்னதைச் சொன்னேன்.

ஆவணப்பித்தன்:
அப்படியென்றால் "சர்ச்சில் தவறாகச் சொன்னது" என்று குறிப்பு போட வேண்டும். படிக்கிறவர் உண்மை என்று எடுத்துக்கொள்வார்.

ஆனைமலையான்:
பஞ்சத்தைப் பற்றித் தனி இழை தொடங்குங்கள், நானும் வந்து திட்டுகிறேன். இங்கே பேச்சு சொல்வளம். சர்ச்சிலைப் பிடிக்காவிட்டால் கோபாலைப் படியுங்கள், என் வாதம் அங்கேயும் நிற்கும். வாழ்க்கை வரலாற்றில் சொல்லோடு சம்பவம் வருகிறது, அதனால் அகராதி தேவையில்லை.

டீச்சர் நேஷன் கணக்கைக் காட்டுகிறார். போன வருஷம் தலையங்கம் படிப்பது பற்றிய இழையிலும் இதே மாதிரி ஒரு ஆய்வைக் கொண்டுவந்து என் வாயை அடைத்தார். நான் எழுதிய ஆங்கில வரியில் எழுத்துப்பிழை கண்டுபிடித்து நாலு பேர் முன்னால் காட்டியதையும் மறக்கவில்லை. இப்போது நான் கேட்பது ஒன்றே ஒன்று: பெங்களூரில் அந்த மனிதருக்கு ஆசிரியர் இருந்தாரா, இல்லையா? இதைச் சுற்றிச் சுற்றிப் பேசுவது சர்ச்சில் சொன்ன டெர்மினாலஜிக்கல் இன்எக்ஸாக்டிட்யூட் (சொல் துல்லியமின்மை).

கும்பகோணம் டீச்சர்:
இப்போது பிடிபட்டது உங்கள் முறையின் பலவீனம். என்னைப் பொய் சொல்கிறேன் என்பதற்குத்தானே அந்தத் தொடரைப் போட்டீர்கள்? 1906 பிப்ரவரியில் சர்ச்சில் அதை மக்களவையில் பேசினார். தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வால் சுரங்கங்களில் ஒப்பந்தத்தில் வேலை பார்த்த சீனத் தொழிலாளர் நிலையை அடிமைத்தனம் என்று முழுப் பொருளில் அழைக்க முடியாது, அழைத்தால் சொல் துல்லியம் கெடும் என்பதே அவர் சொன்னது. யாரையும் பொய்யர் என்று சொல்லவில்லை. சபையில் பொய் என்ற சொல் கூடாது என்பதால் பின்னால் வந்தவர்கள் அதைப் பொய்க்கு இடக்கரடக்கலாக ஆக்கினார்கள். இரண்டு பொருளும் தெரிந்து பயன்படுத்துவது வேறு, காதில் விழுந்ததை எறிவது வேறு.

இன்னொன்றும் சொல்கிறேன், இதுவும் சர்ச்சில் எழுதியதுதான். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் ஓர் அறிக்கையை அவசரமாக எடுத்துப் பேச வேண்டும் என்று அமெரிக்கர்களிடம் சொல்ல 'டேபிள்' செய்கிறோம் என்றார்கள். பிரிட்டனில் அதற்கு விவாதத்துக்கு வைப்பது என்று பொருள். அமெரிக்காவில் மேசை டிராயரில் போட்டு மறப்பது. இரு தரப்பும் வேண்டியது ஒன்றையேதான், ஆனாலும் நீண்ட நேரம் கசப்பாகச் சண்டை போட்டார்கள். ஊகிக்கிறவன் ஜென்கின்ஸைப் படித்து ஒரு பொருளைப் பிடிப்பான், அமெரிக்க ஜனாதிபதி வரலாறு ஒன்றைப் படித்து நேர் எதிர்ப் பொருளைப் பிடிப்பான். அகராதியில் இரண்டும் ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கிறது. கைப்பேசியில் விரல் வைத்தால் வந்துவிடுகிறது, அதற்கும் சோம்பலா?

ஆனைமலையான்:
நன்றி டீச்சர். டேபிள் கதையை நீங்கள் எங்கே கற்றீர்கள்? அகராதியிலா? சர்ச்சில் புத்தகத்தில்! என் வாதத்தை நீங்களே நிரூபித்துவிட்டீர்கள்.

கும்பகோணம் டீச்சர்:
புத்தகம் வேண்டாம் என்று நான் எந்த இடத்தில் சொன்னேன்? "அகராதியைத் தொடவே இல்லை" என்ற உங்கள் பெருமையைத்தான் கேட்கிறேன். அதற்குப் பெங்களூரைச் சாட்சிக்கு இழுத்ததைக் கேட்கிறேன். கிப்பனைப் படிக்கும்போது கருத்தையெல்லாம் பக்க ஓரத்தில் கிறுக்கினேன் என்று சர்ச்சிலே எழுதியிருக்கிறார். பெங்களூரில் பென்சில் இருந்தது, ஐயா. நீங்கள் ஜென்கின்ஸைப் படிக்கும்போது உங்கள் கையில் என்ன இருந்தது?

ஆனைமலையான்:
பென்சில் அகராதி இல்லை. கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. ஆசிரியர் இருந்தாரா, இல்லையா?

சிங்கைச் செல்வன்:
டீச்சர், ஒரு சந்தேகம். ஜிஆர்இயில் எதிர்ச்சொல் கேள்வியை 2011-லேயே எடுத்துவிட்டார்கள். இப்போது முழு வாக்கியத்தில் இடைவெளி நிரப்புவதுதான். அப்படியானால் சூழலில் வைத்துச் சொல் படிப்பதுதானே பொருத்தம்? மூன்று சொல் எதிரெதிரே நிற்கும் என்றீர்களே, அது பழைய பரீட்சை இல்லையா?

கும்பகோணம் டீச்சர்:
இடைவெளிக்குக் கீழே கொடுக்கும் சொற்கள் எதிரெதிரே நிற்காமல் முதுகைக் காட்டிக்கொண்டா நிற்கும்? நிரப்பவும் நுணுக்கம் வேண்டும். அதிலும் ஒரு வகைக் கேள்வியில் ஆறு சொல்லில் ஒரே பொருள் தரும் இரண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். "ஏதோ கெட்ட குணம்" என்ற அறிவோடு போய் உட்கார்ந்து பாருங்கள்.

கறுப்புக்காப்பி:
பஞ்சத்தைப் பற்றிக் கேட்டேன். எல்லாரும் பென்சிலைப் பற்றிப் பேசுகிறீர்கள். பெங்களூரில் பதின்மூன்று ரூபாய் கிளப் பாக்கியைக்கூடக் கட்டாமல் போன ஆள் அவர்.

ஆவணப்பித்தன்:
பெங்களூர் கிளப் பதிவேட்டில் லெப்டினன்ட் சர்ச்சில் பெயரில் 13 ரூபாய் வசூலிக்க முடியாத பாக்கிப் பட்டியலில் இருப்பது உண்மை. பதிவு 1899.

ஆனைமலையான்:
பார்த்தீர்களா, பெங்களூர் என்றதும் பாக்கியைப் பேசுகிறார்கள், படிப்பைப் பேச மாட்டார்கள். நான் கடைசியாகச் சொல்கிறேன். ஆசிரியர் இல்லை. அகராதி இருந்ததாக டீச்சராலும் காட்ட முடியவில்லை. படித்தார், கற்றார். நானும் படித்தேன், கற்றேன். அடுத்ததாக கோபாலின் நேரு முதல் தொகுதியை எடுத்திருக்கிறேன், அகராதி இல்லாமல்தான்.

கும்பகோணம் டீச்சர்:
எடுங்கள். ஐம்பது பக்கம் முடித்ததும் தெரியாமல் தாண்டிவந்த சொற்கள் பத்தை இங்கே போடுங்கள், ஊகித்த பொருளோடு. நான் அகராதிப் பொருளைப் பக்கத்தில் எழுதுகிறேன். சோமர்வெல் பற்றி இதுவரை ஒரு வரிகூட நீங்கள் பதில் சொல்லவில்லை என்பதையும் குறித்து வைத்திருக்கிறேன்.

ஆனைமலையான்:
பரீட்சை வைக்க நான் உங்கள் வகுப்பு மாணவன் இல்லை, டீச்சர்.

ஆவணப்பித்தன்:
மேலே மிடில் டெம்பிள் என்பதற்கு இன்னும் குறிப்பு போடவில்லை.