பில் ரஸ்ஸல் முதல் மூவரில் ஒருவரா, பத்தாவது ஆளா?

த்ரீபாயிண்டர்:
பில் ரஸ்ஸல் 2022 ஜூலையில் 88 வயதில் காலமானபோது, என்பிஏ எனும் அமெரிக்கக் கூடைப்பந்து லீகின் வரலாற்றில் இவரை மிஞ்ச ஆளில்லை என்று ஆளாளுக்கு எழுதினார்கள். அஞ்சலி நேரத்தில் சண்டை வேண்டாமென்று சும்மா இருந்தேன். இப்போது பேசலாம் அல்லவா? பாஸ்டன் செல்டிக்ஸுக்கு 13 சீசன் ஆடி 11 சாம்பியன்ஷிப் வென்றார், சரி. ஆனால் அவர் சேர்ந்தபோது லீகில் இருந்ததே 8 அணிகள். பல வருடம் பிளேஆஃபில், அதாவது சீசன் முடிந்த பின் நடக்கும் நாக்அவுட் சுற்றில், இரண்டு தொடர் ஜெயித்தாலே கோப்பை கைக்கு வந்துவிடும். ஆட்டத்துக்குச் சராசரி 15 பாயிண்ட், ஃபவுலுக்குக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவில் 56 சதவீதம். ஜோர்டன், லெப்ரான், கரீம் இருக்கும் வரிசையில் இவரை எங்கே உட்கார வைப்பது? என் பட்டியலில் பத்தாவது. அதுவே கொஞ்சம் தாராளம்தான்.

பழையடேப்:
தம்பி, எட்டே அணி என்றால் திறமையெல்லாம் அந்த எட்டுக்குள்தான் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். வில்ட் சேம்பர்லின் என்ற எதிரணி சென்டரை (கூடையருகே ஆடும் உயரமான வீரர்) மட்டும் 10 சீசனில் 140 தடவைக்கு மேல் எதிர்கொண்டார். இன்றைக்கு எந்த சென்டருக்கு அந்தத் தலைவலி?

பாயிண்டை வைத்து ரஸ்ஸலை அளப்பதே தப்பு. அவர் வருவதற்கு முன் செல்டிக்ஸிடம் ஒரு கோப்பைகூட இல்லை. நட்சத்திர வீரர் பாப் கூஸி அப்போதே அங்கேதான் ஆடிக்கொண்டிருந்தார். மெல்போர்ன் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிவிட்டு 1956 டிசம்பரில் ரஸ்ஸல் வந்தார், 1957இல் கோப்பை. 1958 இறுதித் தொடரின் மூன்றாவது ஆட்டத்தில் அவருக்குக் கணுக்கால் பிசகியது. கோப்பை செயின்ட் லூயிஸுக்குப் போனது. அப்புறம் 1959 முதல் 1966 வரை வரிசையாக 8. 1969இல் ஓய்வு பெற்றார். அடுத்த சீசனில் அதே செல்டிக்ஸ் 34 வெற்றி, 48 தோல்வி.

கோபுரம்13:
அண்ணே, 1969இல் சக வீரர் சாம் ஜோன்ஸும்தான் ஓய்வு பெற்றார். அதை ஏன் நைசாக விட்டுவிட்டீர்கள்? கூஸி, ஜோன்ஸ், ஹெய்ன்சன், ஹாவ்லிசெக், பெஞ்சில் பயிற்சியாளர் ரெட் அவர்பேக். இத்தனை பேர் சுமந்த பல்லக்கு அது.

1961-62இல் வில்ட் ஆட்டத்துக்கு 50.4 பாயிண்ட், 25 ரீபவுண்டுக்கு (தவறிய ஷாட்டைப் பிடிப்பது) மேல். சீசனின் சிறந்த வீரருக்கான எம்விபி விருது ரஸ்ஸலுக்கு! அதே வருடம் சீசனின் சிறந்த ஐவரான ஆல்-என்பிஏ முதல் அணியில் சென்டர் வில்ட். ரஸ்ஸல் இரண்டாவது அணியில். இதைவிடக் கூத்து உண்டா?

பழையடேப்:
அந்த எம்விபிக்கு ஓட்டுப் போட்டவர்கள் ஆட்டக்காரர்கள். கோர்ட்டில் நேருக்கு நேர் நின்று அடி வாங்கியவர்கள். அவருக்கு ஐந்து தடவை கொடுத்தார்கள். அந்த வருட பிளேஆஃபில் வில்ட்டின் அணியை, தொடரை முடிவு செய்யும் ஏழாவது ஆட்டத்தில் 2 பாயிண்டில் தோற்கடித்து அனுப்பினார். இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸுக்கு எதிராக 30 பாயிண்ட், 40 ரீபவுண்ட். ஏழாவது ஆட்டம் என்று வந்த 10 தடவையும் ஜெயித்த மனிதர் ஐயா.

கோபுரம்13:
வில்ட்டை அனுப்பிய அந்த 2 பாயிண்டைப் போட்டது யார்? சாம் ஜோன்ஸ்.

சைடுபெஞ்ச்:
நடுவில் நுழைகிறேன். பிளாக்கை, அதாவது எதிராளியின் ஷாட்டைத் தட்டித் தடுப்பதைப் பற்றி யாருமே பேசவில்லையே. பந்தை கேலரிக்கு அடித்து விரட்டினால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் பந்து மறுபடி எதிரணிக்கே போகும். ரஸ்ஸல் மெல்லத் தட்டி, கோர்ட்டுக்குள்ளேயே தன் ஆள் கைக்குச் சேர்த்துவிடுவார். அங்கிருந்து ஃபாஸ்ட் பிரேக், எதிரணி சுதாரிப்பதற்குள் ஒரு பாய்ச்சல். அவர்களுக்கு வரவேண்டிய 2 போய், நமக்கு 2 வந்துவிடும். 1973-74க்கு முன் லீக் பிளாக்கை எண்ணவே இல்லை. அவர் நிற்பதைப் பார்த்துவிட்டு ஷாட் எடுக்காமலே பந்தை வெளியே தள்ளினார்களே, அதை இன்றைக்கும் யாரும் எண்ணுவதில்லை.

இன்னொன்று. ஆட்ட வேகத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், அந்த செல்டிக்ஸின் ஆஃபென்ஸ் (தாக்குதல்) பல வருடம் லீக் சராசரிக்கும் கீழே. டிஃபென்ஸ்தான் (தடுப்பாட்டம்) கிட்டத்தட்ட எல்லா வருடமும் முதலிடம். பல்லக்கைச் சுமந்தது யார் என்று கோபுரம் மறுபடி யோசிக்கட்டும்.

த்ரீபாயிண்டர்:
வில்ட்டின் பிளாக்கையும்தான் எண்ணவில்லை. எண்ணாததை எல்லாம் ஒருவர் கணக்கிலேயே வரவு வைத்தால் எப்படி? அப்புறம் அந்த ‘எட்டுக்குள் திறமை’ கதை. ஓர் அணியில் இத்தனை கறுப்பின வீரர்களுக்கு மேல் வேண்டாம் என்று எழுதாத கட்டுப்பாடு இருந்த காலம். ஐரோப்பாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆள் வரத் தொடங்கவே இல்லை. திறமையில் பாதிக்கு வாசலிலேயே தடை.

பழையடேப்:
அந்தத் தடையைத் தாண்டி வந்தவரைத்தான் நீங்கள் பத்தில் வைக்கிறீர்கள். 1966இல் என்பிஏவின் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர். ஆடிக்கொண்டே பயிற்சியாளராகவும் இருந்து 1968, 1969இல் கோப்பை. கடைசி சீசனில் வயது 35, அணி கிழக்கில் நான்காவது இடம். எதிரே வெஸ்ட், பேலர், வில்ட் என்ற நட்சத்திரங்கள் மூவரும் ஒரே லேக்கர்ஸில். லாஸ் ஏஞ்சலிஸில் ஏழாவது ஆட்டம். வெற்றி விழாவுக்குக் கூரையில் பலூன் கட்டி வைத்திருந்தார்கள். பாஸ்டன் 108, லேக்கர்ஸ் 106. ஃபைனல்ஸ் எம்விபி விருதே அந்த வருடம்தான் தொடங்கியது, அதையும் தோற்ற வெஸ்ட்டுக்குக் கொடுத்தார்கள். 2009 முதல் அதே விருதுக்கு ரஸ்ஸல் பெயர். இது தனிக் கூத்து.

கோபுரம்13:
அதே ஆட்டத்தில் வில்ட் முழங்கால் வலியோடு வெளியே போனார். திரும்பி வருகிறேன் என்று கேட்டும் பயிற்சியாளர் விடவில்லை. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

த்ரீபாயிண்டர்:
சைடுபெஞ்ச் சொன்ன டிஃபென்ஸ் கணக்குக்காக ஏழு வரை ஏற்றுகிறேன். கரீமுக்கு மேலே வைக்க மாட்டேன். 6 கோப்பை, 6 எம்விபி, பாயிண்டும் போடத் தெரியும்.

பழையடேப்:
கரீம் அதற்கு 20 சீசன் எடுத்துக்கொண்டார். என் வரிசை ஜோர்டன், ரஸ்ஸல், கரீம். வில்ட் எங்கே என்று கோபுரம் கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: ஆறு.